எந்திரக் கைக்கு ஆணையிடுவோர் யார்?

(ஆரணியில் நடைபெற்ற வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கல்வியைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். கல்வி வேண்டும் என்று இந்த அவையில் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே இந்தச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்திருக்கிறது. எத்தகைய கல்வி என்பதே இன்று நம் முன் நிற்கும் கேள்வி. ஆகவே ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதைச் சற்று விரிவாக விளக்கலாம் என்று வந்திருக்கிறேன். அந்தப் பொருள், தொழிற்சாலைகளில் வேலை செய்யும் எந்திரக் கை ஆகும். ரோபோ என்று உலகம் அதனை அழைக்கிறது. அது எவ்வாறு கேட்கிறது, எவ்வாறு பதில் தருகிறது, அதற்கு ஆணையிடுவோர் யார் என்பனவே என் உரையின் பகுதிகள்.

வரலாறு கற்பிக்கும் தலைமையாசிரியருக்கு எந்திரக் கையில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். என்னிடம் படித்த பிள்ளைகள் விடியற்காலையில் கம்பெனிப் பேருந்துகளில் ஏறிச் செய்யாறு சிப்காட்டுக்கும், ஒரகடத்துக்கும், திருப்பெரும்புதூருக்கும் செல்கிறார்கள். அவர்களுள் சிலர் அந்த எந்திரக் கைக்கு அருகிலேயே நாள் முழுவதும் நின்று வேலை பார்க்கிறார்கள். பக்கத்தில் நிற்பவர் பேசும் மொழி தெரியாமல் ஒருவர் எத்தனை ஆண்டுகள் காலம் தள்ள முடியும்? அந்த மொழியை அறிந்தவர்களிடம் கேட்டும், நூல்களைப் படித்தும் நான் தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன். அம்மொழி கடினமானதன்று. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கக் கூடியது.

நம் ஊர் தறி ஊர். நம் வீடுகளில் தறி இருந்ததா, இல்லையா என்பது வேறு செய்தி. தறியின் ஓசையைக் கேளாமல் வளர்ந்தவர் இந்த அவையில் ஒருவரும் இரார். ஆகவே தறியிலிருந்தே தொடங்குகிறேன்.

பட்டுத் தறியின் மேலே ஜக்கார்டு பெட்டி இருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். பிரெஞ்சு நாட்டின் லியோன் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்கார் என்பவர் 1804-ஆம் ஆண்டில் அமைத்த கருவி அது. அதன் பெயரே நம் நாவில் ஜக்கார்டு என்றாயிற்று. ஓட்டையிட்ட அட்டைகள் மாலைபோல் கோக்கப்பட்டுத் தொங்குகின்றன. நெசவாளர் மிதியை மிதிக்கும்போது ஓர் அட்டை வந்து ஊசிகளின் முன் நிற்கிறது. அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே நுழைகிறது. அந்த ஊசியோடு சேர்ந்த கொக்கி தன் இடத்திலேயே நிற்க, மேலே செல்லும் கத்தி அதனைத் தூக்குகிறது. பாவு இழை உயர்கிறது. ஓட்டை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடுகிறது. கொக்கி கத்தியிலிருந்து விலகுகிறது. இழை கீழேயே கிடக்கிறது. ஓட்டை என்றால் 'தூக்கு'. ஓட்டை இல்லையென்றால் 'தூக்காதே'. கரையில் ஓடும் மயிலும், முந்தியில் மலரும் தாமரையும் இந்த இரண்டே சொற்களால் ஆனவை. கணக்கிடும் எந்திரங்களைச் செய்தவர்கள் பிற்காலத்தில் இந்த அட்டையையே பின்பற்றினார்கள். அமெரிக்காவில் 1890-ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கை ஹெர்மன் ஹாலரித் என்பவர் ஓட்டையிட்ட அட்டைகளைக் கொண்டே எண்ணி முடித்தார்.

இங்கே ஒரு செய்தியை நீங்கள் கூர்ந்து நோக்க வேண்டும். ஜக்கார்டு அட்டை ஆணை மட்டுமே இடும், எதையும் கேட்காது. பாவில் ஓர் இழை அறுந்துவிட்டால் அட்டைக்குத் தெரியாது. நாடாவில் ஊடை தீர்ந்துவிட்டாலும் தெரியாது. சரிகை பிசகினாலும் அது அடுத்த ஆணையை இட்டுக்கொண்டே இருக்கும். அவற்றையெல்லாம் கண்டுபிடித்துத் தறியை நிறுத்துவது யார்? நெசவாளரின் கண்ணும் கைவிரலும் காதுமே. ஆக, ஒரு தறியில் இரண்டு வகையான செய்திகள் ஓடுகின்றன. ஒன்று, வேலை செய்யும் உறுப்புக்குச் செல்லும் ஆணை. மற்றொன்று, வேலை நடந்த இடத்திலிருந்து திரும்பி வரும் நிலவரம். முதலாவதைப் பெட்டி பார்த்துக்கொண்டது. இரண்டாவதை மனிதன் பார்த்துக்கொண்டான்.

அந்த இரண்டாவது வேலையும் மெல்ல எந்திரத்திற்குச் சென்றது. தானியங்கி விசைத்தறியில் ஒவ்வொரு பாவு இழையின் மேலும் ஒரு மெல்லிய உலோகத் தகடு தொங்கவிடப்படும். இழை இருக்கும் வரையில் அது தகட்டைத் தாங்கி நிற்கும். இழை அறுந்தால் தகடு கீழே விழும், விழுந்தவுடன் அங்குள்ள மின்கம்பிகளை இணைக்கும், தறி நின்றுவிடும். நெசவாளரின் கண் செய்த வேலையை ஒரு சிறு தகடு செய்கிறது. ஜப்பானில் சாகிச்சி டொயோடா என்பவர் 1924-ஆம் ஆண்டில் செய்து முடித்த ஜி வகைத் தறி, இழை அறுந்தாலே தானாக நிற்கும் தறியாகும். அதன் காப்புரிமையை 1929-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் விலைக்கு வாங்கிற்று. அவருடைய மகன் கீச்சிரோ கார் செய்யும் தொழிலில் இறங்கினார். 1937-ஆம் ஆண்டில் டொயோட்டா மோட்டார் நிறுவனம் பிறந்தது. தறிக்கும் கார்த் தொழிற்சாலைக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிட நெருங்கியது.

இனி எந்திரக் கைக்கு வருவோம். அமெரிக்காவின் ஜார்ஜ் டெவோல் 1954-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அவரும் ஜோசப் எங்கெல்பெர்கரும் சேர்ந்து உருவாக்கிய 'யூனிமேட்' என்னும் எந்திரக் கை, 1961-ஆம் ஆண்டில் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையொன்றில் வேலைக்கு நிறுத்தப்பட்டது. வார்ப்பு எந்திரத்திலிருந்து வெளிவரும் சூடான உலோகப் பாகங்களை எடுத்து அடுக்குவது அதன் வேலை. நம் பகுதிக்கும் அது வந்து நெடுநாள் ஆகிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998-ஆம் ஆண்டில் கார் உற்பத்தியைத் தொடங்கிற்று. இன்று இத்தகைய ஆலைகளில் காரின் உடற்கூட்டைப் பற்ற வைத்து இணைப்பது பெரும்பாலும் எந்திரக் கைகளே.

அந்தக் கைக்குக் கண் இருக்கிறதா? காது இருக்கிறதா? தன் மூட்டுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை மட்டும் அது தானே அறியும். தனக்கு வெளியே இருக்கும் உலகத்தை, கம்பி வழியாக வரும் சமிக்ஞைகளால் மட்டுமே அறியும். அதன் அருகில் ஒரு மின்பெட்டி நிற்கும். பெட்டிக்குள் வரிசையாகக் கம்பிகள் முடுக்கப்பட்டிருக்கும். சில கம்பிகள் வெளியிலிருந்து செய்தி கொண்டுவருபவை; அவை உள்ளீடு. சில கம்பிகள் வெளியே ஆணை கொண்டுசெல்பவை; அவை வெளியீடு. பெரும்பாலான ஆலைகளில் அந்தக் கம்பியில் 24 வோல்ட்டு நேர்மின்சாரம் இருந்தால் 'ஆம்' என்று பொருள். இல்லையென்றால் 'இல்லை' என்று பொருள். ஜக்கார்டு அட்டையின் ஓட்டையும் ஓட்டையின்மையும் போலவே இதுவும் இரண்டு சொல் மொழிதான்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குகிறேன். ஒரு பவர் பிரஸ் இருக்கிறது. அடுக்கி வைத்த இரும்புத் தகடுகளிலிருந்து ஒன்றை எடுத்து, பிரசின் வாயில் வைத்து, விலகி வர வேண்டும். பிரஸ் அடிக்க வேண்டும். அந்த வேலையை எந்திரக் கையிடம் ஒப்படைக்கிறோம் என்று கொள்வோம். மனிதன் செய்யும்போது இதில் கேள்வியே இல்லை என்று தோன்றும். எந்திரத்திற்கு எழுதும்போதுதான் எத்தனை கேள்விகள் என்பது தெரியவரும்.

முதற்கேள்வி: அடுக்கில் தகடு இருக்கிறதா? ஓர் உணரி 'ஆம்' என்று சொன்னால், கை கீழே இறங்கிக் காற்றை உறிஞ்சும் கிண்ணத்திற்கு 'பிடி' என்று ஆணை அனுப்பும். இரண்டாவது கேள்வி: தகடு உண்மையாகவே பிடிபட்டதா? ஆணை அனுப்பியதாலேயே வேலை முடிந்துவிட்டது என்று கொள்ளலாகாது. கிண்ணத்தில் காற்று குறைந்துவிட்டது என்று மற்றோர் உணரி சொல்ல வேண்டும். குறித்த நேரத்திற்குள் அது சொல்லாவிட்டால் கை நின்று, சிவப்பு விளக்கை எரிய விட வேண்டும். மூன்றாவது கேள்வி: பிரசின் தலை மேலே சென்று நிற்கிறதா? இதற்குப் பிரஸ் 'ஆம்' என்று சொல்லும் வரையில் கை உள்ளே நுழையக் கூடாது. நான்காவது கேள்வி, பிரஸ் கேட்பது: கை வெளியே வந்துவிட்டதா? கை உள்ளே நுழையும் முன் 'நான் விலகி நிற்கிறேன்' என்னும் சமிக்ஞையைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். வேலையை முடித்து முழுவதும் வெளியே வந்த பின்னரே அதனை மீண்டும் கொடுக்க வேண்டும். அது வந்த பிறகே பிரஸ் அடிக்கும்.

கவனித்தீர்களா? கையின் வெளியீடு பிரசுக்கு உள்ளீடாகிறது. பிரசின் வெளியீடு கைக்கு உள்ளீடாகிறது. ஒருவர் கேட்க, மற்றவர் பதில் சொல்ல, அந்தப் பதிலைக் கேட்ட பின்னரே முன்னவர் அடுத்த அடி எடுத்து வைக்கிறார். இந்த ஒழுங்கு குலைந்தால் பல இலட்சம் ரூபாய் எந்திரம் ஒரு நொடியில் நசுங்கிப் போகும்.

ஆம், இல்லை என்னும் இரண்டோடு நின்றுவிடாத சமிக்ஞைகளும் உண்டு. பற்ற வைக்கும்போது எவ்வளவு மின்னோட்டம், வண்ணம் தெளிக்கும்போது எவ்வளவு வண்ணம் என்று அளவு சொல்ல வேண்டும் அல்லவா? அதற்காக 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை மாறும் மின்னோட்டத்தை அளவுகோலாகப் பல ஆலைகளில் வைத்திருக்கிறார்கள். இங்கே ஒரு நுட்பத்தைப் பாருங்கள். கீழ் எல்லையைச் சுழியத்தில் வைக்காமல் 4-இல் வைத்தார்கள். ஏனெனில், சுழியம் வந்தால் 'அளவு ஒன்றுமில்லை' என்று பொருளாகாது. 'கம்பி அறுந்துவிட்டது' என்று பொருளாகும். வெறுமைக்கும் அறுந்த உறவுக்கும் வேறுபாடு தெரிய வேண்டும் என்று எண்ணி அமைத்தவர்களின் அறிவை நாம் போற்ற வேண்டும்.

கேட்டுப் பதில் சொல்லும் இந்த ஒழுங்கைப் பட்டு நெசவு அறிந்த நம் பெரியோர்கள் முன்னரே கண்டிருக்கிறார்கள். கோர்வைப் பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவாளருக்குப் பக்கத்தில் அமர்ந்து ஒரு நாடாவை எறியத் துணையாள் வேண்டும். அந்தத் துணையாள் பெரும்பாலும் ஒரு சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்த காலம் உண்டு. நெசவாளரின் குறிப்பு கிடைத்ததும் பிள்ளை எறிய வேண்டும். எறிந்தது வந்து சேர்ந்ததும் நெசவாளர் அடுத்த ஊடையைப் போட வேண்டும். ஒரு முழுச் சேலைக்கும் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: எப்போது எறிவது என்பது. ஏன் எறிகிறோம், கரை எப்படி அமைகிறது, சேலை என்ன விலைக்குப் போகிறது என்பவற்றை எவரும் அதற்குச் சொன்னதில்லை. பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்காகப் பட்டுத் தறிகளில் அமர்த்தப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்! பள்ளி வருகைப் பதிவேட்டில் அவர்களின் பெயருக்கு நேரே வெற்றிடமே இருந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-ஆம் ஆண்டிலும், குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-ஆம் ஆண்டிலும் வந்தன. சட்டத்தாலும், இச் சங்கம் போன்ற அமைப்புகளின் இடைவிடாத உழைப்பாலும் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள்.

நான் அஞ்சுவது யாதெனில், தறியடியிலிருந்து மீட்டு வந்த பிள்ளைகளை, ஆலையிலே மீண்டும் அதே இடத்தில் அமர்த்திவிடுவோமோ என்பதுதான். பச்சை விளக்கு எரிந்தால் பாகத்தை வை. சிவப்பு விளக்கு எரிந்தால் தள்ளி நில். ஏன் என்று கேளாதே! அவ்வாறு நிற்கும் இளைஞன் உண்மையில் எந்திரத்தின் வெளியீட்டுக்கு ஆடும் ஓர் உறுப்பாகிறான். அவனுடைய இடத்தில் நாளை மற்றொரு கை வந்து நின்றால், அவனுக்கு வேலை இல்லை. ஆனால், அந்த விளக்கு எதனால் எரிகிறது, எந்த உணரி எதைக் கேட்கிறது, எந்தப் பதிலுக்காகக் கை காத்து நிற்கிறது என்று அறிந்தவனை எந்த ஆலையும் எளிதில் வெளியே அனுப்பாது. எந்திரம் நின்றுபோனால் முதலில் தேடப்படுபவன் அவனே ஆவான்.

இந்த அறிவு பெரும் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும் உரியதா? இல்லை என்பதற்கு வரலாறே சான்று. ஆலைகளில் சமிக்ஞைகளைக் கேட்டு ஆணையிடும் கருவிக்குப் பி.எல்.சி. என்று பெயர். 1968-ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் முன்வைத்த தேவைக்காக டிக் மார்லி என்பவரின் குழுவினர் இதன் முதல் வடிவங்களில் ஒன்றை அமைத்தார்கள். அதற்கு முன்பு நூற்றுக்கணக்கான ரிலேக்களைக் கம்பிகளால் இணைத்து வேலை வாங்கினார்கள். வேலை மாறினால் கம்பிகளையெல்லாம் பிரித்து மாற்ற வேண்டும். புதிய கருவியில் எழுதியதை மாற்றினால் போதும். ஆலையில் உள்ள எலெக்ட்ரீஷியன்கள் ஏற்கெனவே அறிந்திருந்த வயரிங் படத்தைப் போலவே அதில் எழுதும் முறையையும் அமைத்தார்கள். இரண்டு செங்குத்துக் கோடுகள், இடையே படிகள், ஒவ்வொரு படியிலும் 'இது ஆம், இதுவும் ஆம் என்றால், அதைச் செய்' என்று ஒரு வாக்கியம். பார்ப்பதற்கு ஏணிபோல் இருப்பதால் அதற்கு ஏணிப்படம் என்றே பெயர். எலெக்ட்ரீஷியனின் கைக்கு எட்டும்படி வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏணி அது. ஐ.டி.ஐ. படித்த பிள்ளை அதில் ஏற முடியும்.

அடுத்து, உயிர் காக்கும் சமிக்ஞைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் பகுதியைப் பெற்றோர்களும் கேட்க வேண்டுமென விரும்புகிறேன்.

அவசரகாலத்தில் அழுத்த வேண்டிய சிவப்புப் பொத்தானைப் பார்த்திருப்பீர்கள். அதை அழுத்தும்போது 'நில்' என்று ஒரு சமிக்ஞை புறப்பட்டுச் செல்வதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. அந்தப் பொத்தானின் வழியாக மின்னோட்டம் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். 'எல்லாம் நலம்' என்பதே அதன் பொருள். பொத்தானை அழுத்தினால் அந்த ஓட்டம் அறுபடும், எந்திரம் நிற்கும். எலி கடித்துக் கம்பி அறுந்தாலும் எந்திரம் நிற்கும். முடுக்கு தளர்ந்து கம்பி கழன்றாலும் நிற்கும். ஒரு கம்பி பிசகினாலும் மற்றொன்று காக்க வேண்டும் என்று இரண்டு தனித்தனிப் பாதைகள் வைப்பார்கள். குரல் நின்றுவிட்டால் ஆபத்து என்று கொள் என்பதே பாதுகாப்பின் இலக்கணம். வேலியின் கதவில் உள்ள விசைக்கும் இதே இலக்கணந்தான். கதவு திறந்தால் கை நிற்க வேண்டும். கதவை மூடியதாலேயே அது மீண்டும் ஓடத் தொடங்கவும் கூடாது. உள்ளே ஒருவரும் இல்லை என்று வெளியே நின்று பார்த்தவர் தனியே ஒரு பொத்தானை அழுத்திய பின்னரே ஓட வேண்டும். கைக்கு வேலை கற்றுக் கொடுப்பவர் வேலிக்குள் நிற்க நேர்ந்தால், அதன் வேகம் நொடிக்கு 250 மில்லிமீட்டருக்கு மேற்படாமல் கட்டுப்படுத்தப்படும். அவர் பிடித்திருக்கும் விசையை விட்டுவிட்டாலும் நிற்கும். பதற்றத்தில் இறுக அழுத்திவிட்டாலும் நிற்கும்.

இவை இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? 1979-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபோர்டு நிறுவனத்தின் வார்ப்பாலை ஒன்றில் ராபர்ட் வில்லியம்ஸ் என்னும் 25 வயதுத் தொழிலாளி எந்திரக் கை தாக்கி இறந்தார். எந்திரக் கையால் மாண்ட முதல் மனிதர் என்று உலகம் அவரைக் குறிக்கிறது. பொருள்களின் இருப்பை எந்திரம் பிழையாகக் காட்டியதால், அவற்றை எடுக்க அவர் அடுக்கின் மேல் ஏறினார் என்று செய்திகள் கூறின. ஓர் உள்ளீடு பிழையாயிற்று. மனிதன் உள்ளே இருக்கிறான் என்று சொல்ல ஒரு சமிக்ஞையும் இல்லை. 1981-ஆம் ஆண்டில் ஜப்பானில் கென்ஜி உராடா என்னும் தொழிலாளியும் இவ்வாறே உயிரிழந்தார். கதவைத் திறந்து சென்றிருந்தால் எந்திரம் நின்றிருக்கும். அவர் வேலியைத் தாண்டிச் சென்றார் என்று செய்திகள் கூறின.

தொலைவில் நடந்தவை என்று இவற்றை ஒதுக்கிவிட வேண்டா. என்னிடம் படித்த ஓர் இளைஞர் பாகங்கள் செய்யும் ஆலையொன்றில் பிரஸ் ஓட்டினார். ஆலையின் பெயரும் அவருடைய பெயரும் இங்கே தேவையில்லை. அந்தப் பிரசுக்கு இரண்டு பொத்தான்கள். இரண்டு கைகளாலும் ஒருசேர அழுத்தினால்தான் அடிக்க வேண்டும். கை இரண்டும் பொத்தானில் இருந்தால் பிரசின் வாயில் கை இருக்க முடியாது அல்லவா? எண்ணிக்கை குறைகிறதென்று ஒரு பொத்தானை எப்போதும் அழுத்தியே இருக்குமாறு கட்டி வைத்திருந்தார்கள். ஒரு நாள் வலக்கையின் இரண்டு விரல்கள் போயின. "ரெண்டு பட்டன் எதுக்குன்னு எனக்கு யாரும் சொல்லல சார்" என்று அவர் என்னிடம் கூறினார்.

நண்பர்களே! இங்கே பிழை பொத்தானைக் கட்டியவரோடு முடியவில்லை. செம்மையாக எழுதப்பட்ட கட்டுப்பாட்டில், இரண்டு பொத்தான்களும் அரை நொடிக்குள் அழுத்தப்பட்டனவா என்று கேட்கப்படும். ஒவ்வோர் அடிக்கும் இடையில் இரண்டும் விடுபட்டனவா என்றும் கேட்கப்படும். அப்படிக் கேட்டால், கட்டி வைத்த பொத்தானின் பொய் உடனே வெளிப்படும். பிரஸ் அடிக்க மறுக்கும். அந்தக் கேள்வி அங்கே எழுதப்படவில்லை. பிரசுக்கு முன்னே கை வைத்து நிற்கும் பிள்ளையை நினைந்து கேள்வி எழுதுபவர் அந்த அறையில் இல்லை. நம் பிள்ளைகள் அந்த அறைக்குள் செல்ல வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையின் பொறுப்பை வகித்தார். வாரத்திற்கு 48 மணி நேர வேலை என்னும் வரம்பு 1946-ஆம் ஆண்டில் ஆலைத் தொழிலாளருக்குச் சட்டமாயிற்று. ஓடும் எந்திரத்திற்கு வேலியிட வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. ஆனால், சட்டத்தை ஆலைக்குள்ளே ஒரு விசையாகவும் ஒரு கம்பியாகவும் மாற்றி அமைப்பவர் ஒரு தொழில்நுட்பத் தொழிலாளரே. அவர் அறிந்தவராகவும் அஞ்சாதவராகவும் இருந்தால்தான் சட்டம் தொழிலாளியின் விரலைக் காக்கும்.

இனி, செய்ய வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறேன். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து நவீனப்படுத்த 2022-ஆம் ஆண்டில் ஒப்பந்தம் ஆயிற்று. 2023-ஆம் ஆண்டு முதல் அந்த மையங்கள் திறக்கப்பட்டன. அங்கே தொழிலக ரோபோவைப் பற்றிய பயிற்சிப் பிரிவும் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்தவுடன் கூலிக்குப் பேருந்து ஏறுவதற்கு முன், அந்த வாயிலைத் தட்டிப் பாருங்கள். பெண் பிள்ளைகளும் தட்ட வேண்டும். சமிக்ஞைக்கு ஆண் பெண் என்னும் வேறுபாடு தெரியாது.

சங்கத்தின் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். நமது மாலை நேர வகுப்பில் ஒரு பலகையை அமைப்போம். ஒரு 24 வோல்ட்டு மின்கருவி, இரண்டு பொத்தான்கள், ஓர் உணரி, ஒரு ரிலே, மூன்று விளக்குகள் போதும். இதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. 'தகடு இருந்தால் மட்டும் பச்சை விளக்கு', 'இரண்டு பொத்தானும் சேர்ந்தால் மட்டும் மஞ்சள் விளக்கு', 'கம்பி கழன்றால் சிவப்பு விளக்கு' என்று பிள்ளைகள் தாமே கேள்வி எழுதித் தாமே இணைத்துப் பார்க்கட்டும். ஆலையில் பணிபுரியும் நம் அண்ணன்மார் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கற்றுக் கொடுக்கட்டும்.

ஏற்கெனவே வேலைக்குச் செல்லும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். புதிய எந்திரத்தின் முன் நிற்கும் முதல் நாளிலேயே நான்கு கேள்விகளைக் கேளுங்கள். அவசரப் பொத்தான் எங்கே இருக்கிறது? கதவைத் திறந்தால் எது நிற்கும், எது நிற்காது? மீண்டும் ஓட்டும் பொத்தான் யார் கையில் இருக்கிறது? நான் உள்ளே செல்லும்போது மின்சாரத்தைப் பூட்டும் சாவி என்னிடம் இருக்குமா? இவற்றைக் கேட்பது அடக்கமின்மை ஆகாது. எந்திரமே ஒவ்வோர் அடிக்கும் முன்னால் கேள்வி கேட்டு, பதில் வந்த பிறகே அசைகிறது. மனிதன் கேட்கக் கூடாதா? உணரியின் மேல் தாளை ஒட்டி ஏமாற்றச் சொன்னாலும், பொத்தானைக் கட்டச் சொன்னாலும், அது யாருடைய விரலுக்கு வைக்கும் விலை என்று எண்ணிப் பாருங்கள். தனியே எதிர்க்க இயலாதபோது நால்வராகச் சேர்ந்து சொல்லுங்கள்.

நம் முன்னோரிடம் ஒருவரும் விளக்கம் சொல்லவில்லை. வேலையை மட்டும் சொன்னார்கள். ஏன் என்று கேட்க அவர்களுக்கு இடம் தரப்படவில்லை. இந்தச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்குக் கேட்கக் கற்றுக் கொடுத்தது. வரும் இருபத்தைந்து ஆண்டுகளில் எந்திரத்திற்கான கேள்விகளை எழுதும் பிள்ளைகள் இந்த ஆரணியிலிருந்து எழட்டும் என்று வாழ்த்தி அமைகிறேன்.